மூச்சு எவ்வளவு, துளி எவ்வளவு?

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றான். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. முகத்தில், பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி ஒரு களை.

பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே விரல் நீளத்தில் நாலு சாமான். இரண்டு முனையிலும் ரப்பர் வளையம், பக்கவாட்டில் ஒயர் மாட்டுகிற இடம்.

"இன்ஜெக்டர் மாமா. நம்ம கார்ல இருக்கறதைவிட பெரிசு. ஒண்ணரை மடங்கு பெட்ரோல் பாய்ச்சும். இதைப் போட்டா இருபது குதிரைசக்தி கூடுமாம். இன்னும் பணம் கட்டலை, நம்பிக்கைல குடுத்திருக்காங்க. பதினஞ்சாயிரம் கைமாத்தா குடுத்தீங்கன்னா மூணு மாசத்துல திருப்பிடுவேன்."

கார் அவனுடையது இல்லை. அவன் அப்பா ரிட்டயர் ஆனபோது பி.எஃப். பணத்தில் வாங்கியது. 1200 சிசி, நாலு சிலிண்டர், டர்போ கிர்போ எதுவும் இல்லாத சாது வண்டி. சமீபமாக அது மேட்டில் திணறுகிறது, மிதித்தால் முன்னைப்போலப் பாய்வதில்லை என்பது பையனின் வருத்தம்.

நானோ பி.காம். படித்த ஆசாமி. எஞ்சின் பற்றிக் கல்லூரியில் யாரும் எனக்கு ஒரு வரிகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் பதினைந்தாயிரம் ரூபாய் என்று வந்துவிட்டால் பற்று, வரவு எழுதிப் பார்க்காமல் விடமாட்டோம், இல்லையா? எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். அந்தக் கணக்கு என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், கடைசியில் 1940-ம் வருஷத்து இங்கிலாந்து வானத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

வாருங்கள், நீங்களும் கொஞ்ச தூரம்.

*

முதலில் ஒரு சின்ன அடிப்படை. எஞ்சின் பெட்ரோலில் ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி உண்மை. அது காற்றில் ஓடுகிறது. பெட்ரோல் அதற்குத் தொட்டுக்கொள்ள.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று இதைவிடக் குறைந்தால் பெட்ரோல் எரியாமல் மிஞ்சும். கூடிப்போனால் எஞ்சின் இழுக்காது, விக்கும். முழு வேகத்தில் பலம் அதிகம் வேண்டும் என்றால் பெட்ரோலைக் கொஞ்சம் தூக்கலாக, 12.5-க்கு ஒன்று, 13-க்கு ஒன்று என்று கொடுப்பார்கள். அதற்கு மேல் கொடுத்தால் பலம் கூடாது, குறையும். பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் டேலி ஆகவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இந்த டேலியைப் பார்த்துக்கொள்ள ஆதியில் வைத்த கணக்குப்பிள்ளையின் பெயர் கார்புரேட்டர். அதன் தத்துவம் அந்தக் காலத்தில் கொசு மருந்து அடித்த ஃப்ளிட் பம்ப்தான். ஒரு குழாயின் வாய்க்குக் குறுக்கே காற்று வேகமாகப் போனால், குழாய்க்குள் இருக்கிற திரவம் தானாக மேலே ஏறிப் புகையாகச் சிதறும். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் போகிறது. போகிற போக்கில் பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு போகிறது. பக்கத்தில் ஒரு குட்டித் தொட்டி. அதில் எப்போதும் ஒரே மட்டத்துக்கு பெட்ரோல் நிற்பதற்கு ஒரு மிதவை. நம் வீட்டு ஃப்ளஷ் டேங்க்கில் இருக்கிறதே, அதே ஏற்பாடு.

மலிவு. எளிமை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துக்கொள்வார். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஃப்ளஷ் டேங்க் நேராக நிற்கும்வரைதானே மிதவை வேலை செய்யும்? டேங்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்தால்?

யார் கவிழ்க்கப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். கவிழ்த்தார்கள்.

*

1940. ஜூலை முதல் அக்டோபர் வரை. பிரிட்டனின் வானத்தில் ஜெர்மானிய விமானங்களும் பிரிட்டிஷ் விமானங்களும் தினமும் மோதிக்கொண்டிருந்தன. பிரிட்டன் பக்கம் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன். இரண்டுக்குமே ரோல்ஸ் ராய்ஸ் தயாரித்த மெர்லின் எஞ்சின். ஜெர்மனி பக்கம் மெசர்ஷ்மிட் 109. அதற்கு டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியின் டிபி 601 எஞ்சின்.

மெர்லினில் இருந்தது கார்புரேட்டர். டிபி 601-ல் கார்புரேட்டர் கிடையாது. ஒரு பம்ப், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து அளந்து பெட்ரோலை ஊசி போடுகிற மாதிரி நேரே உள்ளே செலுத்தியது. நம் கதையின் கதாநாயகன் இவன்தான். இன்ஜெக்‌ஷன்.

இது ஜெர்மானியர்களுக்கு எங்கிருந்து வந்தது? டீசல் எஞ்சினிலிருந்து. டீசலை ஊசிதான் போட்டாக வேண்டும், வேறு வழியில்லை. ராபர்ட் பாஷ் கம்பெனி 1922-ல் அதற்கான பம்ப்பை உருவாக்கும் வேலையில் இறங்கி, 1927-ல் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைகிற கலை அவர்களுக்குக் கைவந்திருந்தது. அதையே பெட்ரோலுக்கும் கொண்டு வந்தார்கள்.

இப்போது வானத்துக்குப் போவோம். ஒரு ஸ்பிட்ஃபயர், ஒரு மெசர்ஷ்மிட்டைத் துரத்துகிறது. முன்னால் போகிறவன் சட்டென்று மூக்கைக் கீழே சாய்த்துப் பாய்கிறான். துரத்துகிறவனும் அதேபோல மூக்கைச் சாய்த்தால்... எஞ்சின் நின்றுவிடும்!

ஏன்? ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு மேலே வருகிற மாதிரி இருக்குமே, அதே சமாசாரம். விமானம் சட்டென்று கீழே போகும்போது தொட்டியில் இருக்கிற பெட்ரோல் மேல்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அடியில் இருக்கிற குழாய்க்குப் பெட்ரோல் கிடைக்காது. எஞ்சின் ஒரு கணம் விக்கும். அது பரவாயில்லை. அடுத்தது இன்னும் மோசம். மிதவைக்குத் தலைகால் புரியாமல் போய், பெட்ரோல் வருகிற வழி முழுசாகத் திறந்துகொள்ளும். பம்ப் தள்ளுகிற அத்தனை பெட்ரோலும் கார்புரேட்டருக்குள் வெள்ளமாகப் புகும். எஞ்சின் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு, நீச்சல் தெரியாதவன் கிணற்றில் விழுந்த மாதிரி மூழ்கிப் போகும்.

மெசர்ஷ்மிட் பைலட்டுக்கு இந்தத் தலைவலியே இல்லை. பிரிட்டிஷ் பைலட்டோ விமானத்தைப் பாதி புரட்டி, அப்புறம்தான் கீழே பாய முடியும். அந்த இரண்டு மூன்று விநாடியில் எதிரி தப்பித்துவிடுவான். அல்லது திரும்பி வந்து சுடுவான். 20, 22 வயதுப் பையன்கள். அவர்கள் உயிர் ஒரு மிதவையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ரோல்ஸ் ராய்ஸ் ஆட்களை முட்டாள்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கார்புரேட்டரை வைத்துக்கொண்டதற்கு அவர்களிடம் நியாயமான காரணம் இருந்தது. காற்றோடு முன்னாலேயே கலக்கிற பெட்ரோல், ஆவியாகும்போது காற்றைக் குளிர வைக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம். அடர்த்தி அதிகம் என்றால் அதே சிலிண்டருக்குள் அதிகக் காற்று. அதிகக் காற்று என்றால் அதிக பலம். கவனித்தீர்களா? அவர்களும் காற்றைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

*

இந்தச் சிக்கலுக்கு அவசர வைத்தியம் கண்டுபிடித்தவர் ஒரு பெண். பெயர் பீட்ரிஸ் ஷில்லிங்.

1909-ல் பிறந்தவர். 14 வயதில் சொந்தமாக ஒரு ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வாங்கியவர். ஆமாம், பின்னாளில் நம் திருவொற்றியூரில் தயாரானதே, அதே பெயர். மான்செஸ்டரில் மின்பொறியியல் படித்தார். 1934-ல் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 106 மைல் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டி, தங்க நட்சத்திரப் பதக்கம் வாங்கினார். 106 மைல் என்றால் 170 கிலோமீட்டர். சும்மா இல்லை. தானும் அந்தப் பதக்கத்தை வாங்கினால்தான் கல்யாணம் என்று வருங்காலக் கணவருக்கு நிபந்தனை போட்டார் என்றுகூட ஒரு கதை சொல்வார்கள்.

ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் கார்புரேட்டர்தான் அவர் துறை. சிக்கல் அவர் மேஜைக்கு வந்தது. புது எஞ்சின் வடிவமைக்க நேரமில்லை. ஜெர்மானியர்களைப் போல பம்ப் செய்யவும் நேரமில்லை. விமானங்களைத் தொழிற்சாலைக்குத் திருப்பி எடுக்கவும் வழியில்லை, அவை தினமும் பறந்தாக வேண்டும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? நடுவில் ஓட்டையுள்ள ஒரு குட்டிப் பித்தளைத் துண்டைச் செய்தார். பெட்ரோல் வரும் குழாயில் அதை மாட்டினார். அந்த ஓட்டையின் அளவில்தான் சூட்சுமம். மெர்லின் எஞ்சின் உச்சகட்ட பலத்தில் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் தேவையோ, மிகச் சரியாக அவ்வளவு மட்டும் போகிற ஓட்டை. அதற்கு மேல் ஒரு சொட்டு போகாது. மிதவை கிறுக்குப் பிடித்துத் திறந்துகொண்டாலும் வெள்ளம் வராது.

1941 தொடக்கத்தில் ஷில்லிங் ஒரு சின்னக் குழுவோடு ஊர் ஊராக விமானத் தளங்களுக்குப் போய் அதை மாட்டிக் கொடுத்தார். அவர் மட்டும் மோட்டார் சைக்கிளில். பைலட்டுகள் அந்தத் துண்டுக்குச் செல்லமாக 'மிஸ் ஷில்லிங்கின் ஓட்டை' என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் அவர் திருமதி நெய்லர் ஆகி இரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பைலட்டுகளுக்கு அதெல்லாம் யார் சொல்வது?

இது முழு வைத்தியம் இல்லை. முதல் விக்கல் இருக்கத்தான் செய்தது. மிதவை இல்லாத வேறு வகைக் கார்புரேட்டர்கள் பின்னால் வந்த பிறகே பிரச்னை முழுசாகத் தீர்ந்தது. ஆனால் எஞ்சின் நடுவானில் மூழ்குவது நின்றது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். உலகத்தின் மிகப் பிரபலமான போர் விமான எஞ்சினுக்குக் கிடைத்த மிகப் பிரபலமான எரிபொருள் திருத்தம் என்ன? ஓட்டையைப் பெரிசாக்கியதா? இல்லை. அளந்து சின்னதாக்கியது.

எனக்கு அக்கா மகனின் அட்டைப் பெட்டி ஞாபகம் வந்தது.

*

சண்டை முடிந்தது. தோற்ற ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை. விமான எஞ்சினில் ஊசி போடும் வித்தை தெரிந்த பொறியாளர்கள் என்ன செய்வார்கள்? காருக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹான்ஸ் ஷெரன்பெர்க். குட்பிராட் என்ற சின்னக் கம்பெனியில் சேர்ந்து, இரண்டே சிலிண்டர் கொண்ட பொடிக் காருக்கு இன்ஜெக்‌ஷன் வைத்தார். 1952-ல் மெர்சிடஸுக்குத் திரும்பினார்.

1954 பிப்ரவரியில் நியூயார்க் கார் கண்காட்சியில் மெர்சிடஸ் 300 எஸ்எல் வந்து நின்றது. கதவு பறவைச் சிறகு மாதிரி மேல்நோக்கித் திறக்கும். அதன் 3 லிட்டர் எஞ்சினில் டர்போ கிடையாது, சூப்பர்சார்ஜர் கிடையாது. தானாக மூச்சு விடுகிற எஞ்சின். அதே குடும்பத்து எஞ்சின், கார்புரேட்டரோடு மெர்சிடஸ் 300 என்ற பெரிய காரில் 115 குதிரைசக்தி கொடுத்துக்கொண்டிருந்தது. இதிலோ 215.

பார்த்தீர்களா, இன்ஜெக்டர் போட்டதும் 100 குதிரை கூடிவிட்டதே என்று அக்கா மகன் குதிப்பான். அவசரப்படக் கூடாது. என்னென்ன மாற்றினார்கள் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். பந்தயக் காருக்காக எஞ்சினையே இழைத்திருந்தார்கள். அழுத்த விகிதத்தை ஏற்றியிருந்தார்கள். முக்கியமாக, கார்புரேட்டரின் அந்தக் குறுகலான கழுத்து போய்விட்டது. அந்த இடத்தில் காற்று தாராளமாக வர நீண்ட குழாய்கள். ஆக, உள்ளே போகிற காற்று கூடியது. கூடிய காற்றுக்குத் தக்க பெட்ரோலை இன்ஜெக்டர் அளந்து கொடுத்தது. வரவு கூடியதால் செலவு கூடியது. செலவைக் கூட்டினால் வரவு கூடும் என்று எந்த ஆடிட்டரும் சொன்னதில்லை.

அந்தக் காரிலேயே ஒரு பாடமும் இருந்தது. அது முழுக்க இயந்திர பம்ப். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாலும், சுழற்சி முழுசாக நிற்கும்வரை பம்ப் பெட்ரோலை உள்ளே பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தீப்பொறி கிடையாதே, எங்கே எரிவது? எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். சொந்தக்காரர்கள் அடிக்கடி ஆயில் மாற்றியாக வேண்டியிருந்தது. உபரி பெட்ரோல் எங்கேயும் மாயமாகப் போய்விடாது சார். எங்கே போகக் கூடாதோ அங்கேதான் போகும்.

*

அமெரிக்காக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1957-ல் செவர்லே தன் கார்வெட் காருக்கு 'ராம்ஜெட்' என்று நாமகரணம் சூட்டி இன்ஜெக்‌ஷனைக் கொண்டு வந்தது. 283 கன அங்குல எஞ்சின், 283 குதிரைசக்தி. ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரை! விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் விலைப்பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இன்னொன்று தெரியும். அதே எஞ்சின், ஒற்றைக் கார்புரேட்டரில் 220. இரட்டைக் கார்புரேட்டர் வைத்து நன்றாகக் காற்று விட்டால் 270. இன்ஜெக்‌ஷனில் 283. அதாவது, காற்று வழியைச் சரியாகத் திறந்துவிட்ட பிறகு இன்ஜெக்‌ஷன் தனியாகச் சேர்த்துக் கொடுத்தது வெறும் 13. அதற்குக் கூடுதல் விலை 500 டாலரை நெருங்கியது. புரியாத மெக்கானிக்குகள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்ததும் நடந்தது. 1965-ல் செவர்லே அதைக் கைவிட்டது.

அதே காலத்தில் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இன்னும் பெரிய காரியம் செய்தது. பம்ப்பின் இயந்திர மூளைக்குப் பதில் மின்னணு மூளை. சிலிண்டர் வாசலில் மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு பெட்ரோல். பெயர் எலெக்ட்ரோஜெக்டர். இன்றைக்கு நம் கார்களில் இருப்பது இதன் பேரன்தான்.

1958-ல் கிரைஸ்லர் தன் கார்களில் அதைப் பொருத்தியது. மொத்தமே 35 கார்கள் என்று கணக்கு. அன்றைய மின்னணுச் சாமான்களுக்கு எஞ்சினின் சூடும் அதிர்ச்சியும் ஈரமும் தாங்கவில்லை. கிரைஸ்லர் அநேகமாக எல்லாக் கார்களையும் திரும்ப வரவழைத்து, கழற்றிவிட்டு, பழையபடி கார்புரேட்டரை மாட்டி அனுப்பியது. யோசனை சரி. காலம்தான் பத்து வருஷம் முந்திவிட்டது.

*

அந்தப் பத்து வருஷத்தில் நடந்தது என்ன? புகை.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண் எரிந்தது, தொண்டை எரிந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் காரணத்தைப் பிட்டு வைத்தார். மனிதர் அதற்கு முன் அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். வாசனை பிடித்த மூக்கு, நகரத்துக் காற்றைப் பிடித்தது. கார்கள் கக்குகிற, சரியாக எரியாத பெட்ரோல்தான் வெயிலோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறது என்று சொல்லிவிட்டார்.

சட்டம் வந்தது. 1968 மாடல் கார்களிலிருந்து அமெரிக்கா முழுக்கப் புகைக்கு வரம்பு. அங்கே கார் விற்றுப் பிழைக்கும் ஃபோக்ஸ்வாகனுக்குத் தலைக்கு மேல் கத்தி. பாஷ் கம்பெனி, பெண்டிக்ஸின் காப்புரிமையை உரிமம் பெற்று, அதற்குள் மலிவாகிவிட்ட டிரான்சிஸ்டரை வைத்து டி ஜெட்ரானிக் என்ற அமைப்பை 1967-ல் கொண்டு வந்தது. ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் அது அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இந்த முறை தோற்கவில்லை.

நன்றாகக் கவனியுங்கள். மின்னணு இன்ஜெக்டர் ஜெயித்தது வேகத்தால் இல்லை. துல்லியத்தால். 1976-ல் வோல்வோ கார்களில் லாம்டா சென்சார் வந்தது. புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு, எரிந்தது சரியா, பெட்ரோல் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று மோப்பம் பிடித்துச் சொல்கிற உள்தணிக்கையாளர். அதைக் கேட்டு மூளை ஒவ்வொரு கணமும் 14.7-ஐப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரால் இந்த வேகத்தில் கணக்கு எழுத முடியவில்லை. ஓய்வு பெற்றது.

நம் ஊரிலும் இதே கதைதான். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ இன்ஜெக்‌ஷனோடு வெளியே வந்தது. 2000-ல் டெல்லியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவால் புகை விதிகள் இறுகின. கார்களின் முதுகில் 'எம்.பி.எஃப்.ஐ.' என்ற நாலெழுத்தைப் பெருமையாக ஒட்டிக்கொண்டு போனோமே, ஞாபகமிருக்கிறதா? 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது ஸ்கூட்டருக்கும் அதே ஊசிதான்.

*

சரி, பதினைந்தாயிரத்துக்கு வருவோம். பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

1200 சிசி என்றால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.2 லிட்டர் காற்றை எஞ்சின் உள்ளே இழுக்கும். நிமிஷத்துக்கு 6,000 சுற்று என்றால் 3,000 முறை. ஆக 3,600 லிட்டர் காற்று. எடை நாலே கால் கிலோ சொச்சம். டர்போ இல்லாததால் இதுதான் உச்சவரம்பு. வெளிக்காற்றின் அழுத்தம் தள்ளுவதற்கு மேல் ஒரு பிடி காற்று உள்ளே வராது. பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் வரும்.

12.5-க்கு ஒன்று என்று தூக்கலாகவே வைத்தாலும், இந்தக் காற்றுக்குத் தேவையான பெட்ரோல் நிமிஷத்துக்கு சுமார் 460 சிசி. அரை லிட்டர்கூட இல்லை! நாலு இன்ஜெக்டர், ஆளுக்கு 115 சிசி. எப்போதும் திறந்தே இருக்கக் கூடாது, நூற்றுக்கு எண்பது பங்கு நேரம்தான் வேலை வாங்க வேண்டும் என்பது தொழில் வழக்கம். அப்படிப் பார்த்தாலும் நிமிஷத்துக்கு 145 சிசி கொடுக்கிற இன்ஜெக்டர் தாராளம். கம்பெனிக்காரன் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் இன்ஜெக்டர் வைத்திருப்பான்.

இப்போது ஒன்றரை மடங்கு பெரிசை மாட்டினால்? மூளைக்கு நாம் மாற்றியது தெரியாது. பழைய கணக்கிலேயே, இத்தனை மில்லி விநாடி திற என்று உத்தரவு போடும். ஒன்றரை மடங்கு பெட்ரோல் கொட்டும். லாம்டா சென்சார் மோப்பம் பிடித்துக் கத்தும். மூளை ஓரளவுக்குக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. முழுசாக மிதிக்கும்போது பல கார்களில் மூளை சென்சார் பேச்சைக் கேட்பதே இல்லை. விளைவு? கறுப்புப் புகை. கரி பிடித்த ஸ்பார்க் பிளக். மைலேஜ் காலி. புகையை வடிகட்டும் கேடலிடிக் கன்வர்ட்டர் சூடேறிக் கெடும். பெட்ரோல் ஆயிலில் இறங்கும். 300 எஸ்எல் கதைதான், பி.எஃப். பணத்தில்.

"மூளைக்குப் புது புரோகிராம் போட்டுடலாமே மாமா?" என்றான்.

போடலாம். அப்போது பெரிய இன்ஜெக்டரைக் குறைந்த நேரம் திறக்கச் சொல்லும். உள்ளே போகிற பெட்ரோல் பழைய அளவேதான்! அப்புறம் எதற்குப் பெரிசு? தவிர, வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜெக்டர் திறந்திருப்பதே இரண்டு, மூன்று மில்லி விநாடிதான். அதில் ஒரு மில்லி விநாடி ஊசி எழுந்திருக்கவே போய்விடும். அதையும் குறைத்தால் கைநடுக்கக்காரர் மருந்து அளந்த மாதிரி ஆகிவிடும். எஞ்சின் சிக்னலில் நின்றால் நடுங்கும்.

அப்படியென்றால் பெரிய இன்ஜெக்டரே தேவையில்லையா? தேவைப்படும் இடம் உண்டு. சிலிண்டர் தலையின் காற்று வழியை இழைத்து, கேம் ஷாஃப்ட் மாற்றி, அதிகச் சுற்றுக்குத் தயார் செய்த எஞ்சின் அதிகக் காற்று குடிக்கும். பழைய இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்தும் போதவில்லை என்றால் பெரிசு வேண்டும். எத்தனாலில் ஓடும் வண்டிக்கும் வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும் என்பதால் அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் பிடிக்கும். இரண்டு இடத்திலும் இன்ஜெக்டர் கடைசி வரி. முதல் வரி காற்று.

*

பையனுக்கு என் கணக்கில் நம்பிக்கை வரவில்லை. பி.காம். சொல்லி எந்த பி.இ. கேட்டிருக்கிறான்? எங்கள் பேட்டையின் பழைய மெக்கானிக் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"தம்பி, மூக்கு அதே மூக்கு. மூச்சு அதே மூச்சு. கஞ்சியை மட்டும் ஒண்ணரை மடங்கு ஊத்தினா புரைதான் ஏறும். வண்டி எப்பலேருந்து திணறுது?"

"ஆறு மாசமா அண்ணே."

காரில் இருந்த நாலு இன்ஜெக்டரையும் கழற்றினார். ஒரு மேடையில் மாட்டினார். கீழே நாலு கண்ணாடிக் குழாய். ஸ்விட்சைப் போட்டதும் நாலு ஊசியும் பீய்ச்ச ஆரம்பித்தன. மூன்று குழாயில் திரவம் ஒரே மட்டத்தில் ஏறியது. மூன்றாவது குழாய் மட்டும் பின்தங்கியது. அதில் பனி மாதிரி விழ வேண்டியது, ஒழுகுகிற குழாய்த் தண்ணீர் மாதிரி சாய்ந்து விழுந்தது.

"இதுதான் உன் இருபது குதிரை" என்றார்.

மருந்துக் குளியலில் போட்டு எடுத்து, மறுபடி மாட்டினார். நாலு குழாயும் ஒரே மட்டம். கூடவே மண் அடைத்திருந்த ஏர் ஃபில்டரையும் மாற்றினார். மொத்த பில், அவன் கேட்ட கைமாற்றில் ஐந்தில் ஒரு பங்கு வரவில்லை.

மாலை மீனம்பாக்கம் மேம்பாலத்தில் அவன் மிதித்தபோது வண்டி முனகாமல் ஏறியது. பெட்டியைப் பணம் கட்டாமலே திருப்பிக் கொடுத்துவிட்டான். பின் சீட்டில் இருந்த அத்திம்பேர், "என்னடா, வண்டி பழையபடி ஓடறதே, என்ன பண்ணினே?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. அளவு சரி பண்ணினோம்" என்றான்.